வீட்டுக்குப் பின்னால் மான்: அக்கம்பக்கம் சூழ்ந்த சிறு நிலத்தில் வில்வேட்டை தொடங்குவோருக்கு

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கான கட்டுரை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமான், கடமான் எதைத் தொட்டாலும் சிறைதான். நான் முதல் மான் அடித்த அன்று ஊருக்குப் போன் செய்து சொன்னபோது, "ஏல, போலீஸ் புடிச்சிருவாமுல்லா! ஒனக்கு எதுக்குல இந்த வேல?" என்று அம்மா பதறிவிட்டாள். இங்கே அரசே பயிற்சி கொடுத்து, உரிமம் கொடுத்து, அடித்த மானுக்கு எண்ணும் கொடுக்கிறது என்று விளக்கி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று.

அரசே ஏன் அனுமதிக்கிறது என்று கேட்பீர்கள். எங்கள் ஹன்டர்டன் கவுண்ட்டிப் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பக்கம் வந்து எந்தக் காட்டுத்துண்டிலாவது நின்று பாருங்கள். தரையிலிருந்து ஆள் கழுத்து உயரம் வரை பச்சை இருக்காது. அதற்கு மேல்தான் இலை தொடங்கும். வெள்ளைவால் மானின் வாய் எட்டும் உயரம் அது. ஓநாயும் மலைச்சிங்கமும் இந்த மாநிலத்தில் இல்லாமல் போய்ப் பல தலைமுறை ஆகிறது. நன்றாகத் தின்று வளர்ந்த பெட்டை மான் ஆண்டுக்கு இரண்டு குட்டி போடும். புறநகரில் வீடுகள் நெருங்கியதும் துப்பாக்கி வேட்டைக்கு இடமில்லாமல் போயிற்று. மிஞ்சியது சாலையில் கார் மோதிச் சாகும் மான்களும், முளைவிட்டதும் மேயப்பட்டுவிடும் மரக்கன்றுகளும், புல்தரையெங்கும் உண்ணிகளும்தான். என் கொல்லையில் அவரைப் பந்தல் போட்ட முதல் ஆண்டு, ஒரே இரவில் கொழுந்தெல்லாம் போய்க் கொம்பு மட்டும் நின்றது.

துப்பாக்கி நுழைய முடியாத இடத்தில் வில் நுழையும். துப்பாக்கி போலச் சத்தமில்லை, குண்டு போல அம்பு வெகுதூரம் போகாது. ஆனால் சிறு நிலத்தில் வில்வேட்டை என்பது இரண்டே கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருப்பதுதான்: விட்ட அம்பு எங்கே நிற்கும்? பட்ட மான் எங்கே விழும்? கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்த இரண்டைச் சுற்றித்தான்.

நிலத்தை அளந்து பாருங்கள்

வில் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. நியூ ஜெர்சியில் வில்லோடு வேட்டையாடுபவர் எந்தக் கட்டடத்திலிருந்தும் 150 அடி தள்ளி இருக்க வேண்டும். பள்ளி விளையாட்டு மைதானம் என்றால் 450 அடி. கட்டடத்தின் 150 அடிக்குள் வேட்டையாட, அந்தக் கட்டடத்தின் உரிமையாளரோ குடியிருப்பவரோ எழுத்தில் கொடுத்த அனுமதி உங்கள் பையில் இருக்க வேண்டும். வீட்டில் விட்டுவிட்டு வந்தேன் என்றால் செல்லாது.

150 அடி என்றால் சின்னத் தூரம் போலத் தோன்றும். நம் ஊர்க் கணக்கில் பார்ப்போம். ஒரு ஏக்கர், அதாவது 100 சென்ட், 43,560 சதுர அடி. சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 209 அடி. நடுவில் வீடு இருந்தால் நிலத்தின் மூலைக்கே 148 அடிதான் வரும். உங்கள் சொந்த வீட்டுக்கு நீங்களே அனுமதி, அது பிரச்சினை இல்லை. பக்கத்து வீடுகளுக்கும் இதே வட்டத்தைப் போடுங்கள். ஒரு வட்டம் மட்டும் 162 சென்ட் இடத்தை விழுங்கும். மூன்று பக்கமும் வீடு இருக்கும் ஒரு ஏக்கர் நிலத்தில், எழுத்து அனுமதி இல்லாமல் ஓர் அடிகூடச் சட்டப்படி மிஞ்சாமல் போகலாம்.

கவுண்ட்டியின் நிலவரி வரைபடம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எல்லைக் கோடுகள் அதில் தெளிவாக இருக்கும். அதை அச்செடுத்து, ஒவ்வொரு வீட்டின் நெருங்கிய சுவரிலிருந்தும் (நடுவிலிருந்து அல்ல) காம்பஸ் வைத்து வட்டம் போடுங்கள். கொட்டகையையும் கட்டடமாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள், வாதாடும் வேலை வராது. எந்த வட்டத்திலும் படாத வெள்ளை இடம்தான் உங்கள் வேட்டை நிலம். பிறகு ரேஞ்ச் ஃபைண்டரை (தூரம் காட்டும் கருவி) கையில் எடுத்துக்கொண்டு நடந்து போய்ச் சரிபாருங்கள். அதில் 50 கெஜம் காட்டினால் 150 அடி.

என் நிலம் 4 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அகலம் 200 அடி, நீளம் 870 அடி, நாடா மாதிரி. வீடுகள் எல்லாம் சாலையோரம் வரிசையாக இருப்பதால் பின்பாதி முழுக்க எனக்குக் கிடைத்தது. என் நண்பர் ஒருவருக்கு 5 ஏக்கர் இருந்தும், வீடு நடுவில் அமைந்து சுற்றிலும் புது வீடுகள் வந்துவிட்டதால் ஒரே ஒரு மூலைதான் தேறியது. ஏக்கர் எண்ணிக்கையை நம்பாதீர்கள். நிலத்தின் வடிவம்தான் முக்கியம்.

காடு மாதிரித் தெரிவதெல்லாம் உங்களுடையது என்றும் எண்ணிவிடாதீர்கள். மழைநீர் வடிகால் போகும் மரச்சாரி பல இடங்களில் டவுன்ஷிப்புக்கு, அதாவது உள்ளூராட்சிக்குச் சொந்தம். குடியிருப்போர் சங்கம் இருக்கும் பகுதியானால் அவர்களுடைய விதியும் பார்க்க வேண்டும்.

காகித வேலை

இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. வில்வேட்டைப் பாடத்தை முடிக்க வேண்டும். பிறகு வில் உரிமம், பருவத்தைப் பொறுத்து உங்கள் பகுதிக்கான மான் அனுமதிச் சீட்டு. அமெரிக்கக் குடியுரிமை வேண்டியதில்லை, எச்1பி விசாவில் இருப்பவரும் எடுக்கலாம். வில்லுக்குத் துப்பாக்கி அடையாள அட்டையும் தேவையில்லை. மாநிலம் முழுவதையும் மான் மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். பருவம், எண்ணிக்கை எல்லாம் மண்டலத்துக்கு மண்டலம் மாறும். மான் மிகுந்த மண்டலங்களில் வில் பருவம் செப்டம்பரில் தொடங்கி, இடையிடையே வேறு பருவங்களோடு, பிப்ரவரி வரை நீளும். சில மண்டலங்களில் முதலில் கொம்பில்லாத மானை அடித்தால்தான் கொம்புள்ளதை அடிக்கலாம். இது நல்ல விதி. எண்ணிக்கை குறைய வேண்டுமானால் பெட்டைதான் குறைய வேண்டும். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து மறைவுக்கு அரை மணி பின்பு வரைதான் நேரம். தனியார் நிலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் வில்வேட்டை உண்டு. மாநில மீன், வனவிலங்குத் துறை ஆண்டுதோறும் விதிக் கையேடு வெளியிடுகிறது. சென்ற ஆண்டுக் கையேட்டை நம்பி இறங்காதீர்கள்.

அண்டை வீடுகளின் கதவைத் தட்டுங்கள்

நேரே அடிபட்ட மான்கூட நின்ற இடத்தில் விழாது. இரண்டு நுரையீரலிலும் அம்பு ஊடுருவிய மான் சில நொடிகளில் மயங்கும். ஆனால் அந்தச் சில நொடியில் 50 முதல் 100 கெஜம் வரை, அதாவது 150 முதல் 300 அடி வரை ஓடிவிடும். 2 ஏக்கர் சதுர நிலத்தின் ஒரு பக்கமே 295 அடிதான். எனவே நீங்கள் அடிக்கும் மான் அடுத்த வீட்டு நிலத்தில் விழும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எல்லை தாண்டிய மானை எடுக்க உங்களுக்குத் தானாக உரிமை இல்லை. நிலத்துக்காரர் சம்மதித்தால்தான் காலை வைக்கலாம்.

ஆகவே ஆகஸ்டிலேயே போய்விடுங்கள். வேட்டை உடையில் போகாதீர்கள். சனிக்கிழமை மாலை, வீட்டில் எல்லோரும் இருக்கும் நேரம் பார்த்து, கூடவே மனைவியையோ கணவனையோ அழைத்துக்கொண்டு போங்கள். பழக்கமே இல்லாத வீடு என்றால் ஓர் ஆண்டு பொறுத்திருந்து பழகுங்கள் என்றுகூடச் சொல்வேன். எங்கள் தெருவில் பேச்சுவார்த்தைக்கு வழிதிறந்தது தீபாவளி முறுக்குதான்.

வேட்டை பிடிக்குமா என்று பேச்சைத் தொடங்க வேண்டாம். மூன்று விஷயங்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்று, உங்கள் வீட்டுக்கு 150 அடிக்குள் நான் மரத்தில் கட்டிய பரணில் உட்கார எழுதித் தருவீர்களா? இரண்டு, அடிபட்ட மான் உங்கள் நிலத்துக்குள் வந்தால் நான் வந்து எடுத்துப் போகலாமா, வருவதற்கு முன் போன் செய்ய வேண்டுமா, செய்தி அனுப்பினால் போதுமா? மூன்று, நான் வேட்டையாடக் கூடாத நாட்கள் எவை? மூன்றாவது கேள்விதான் மனத்தை இளக்கும். பேரக்குழந்தைகள் வரும் வாரம், தோட்டத்தில் பிறந்தநாள் விருந்து, நாயை அவிழ்த்துவிடும் நேரம் எல்லாம் அப்போதுதான் வெளிவரும். நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். சொன்ன நாளில் பரணில் ஏறாதீர்கள்.

எங்கள் கிழக்கு வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். மான்களுக்குப் பெயர் வைத்திருப்பவர். நான் கேட்டதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நீங்கள் செய்வது சட்டப்படி சரி என்று தெரியும். ஆனால் என் சமையலறை ஜன்னலிலிருந்து அதைப் பார்க்க என்னால் முடியாது" என்றார். நான் அவரை மாற்ற முயலவில்லை. பரணை மேற்கே 120 அடி தள்ளி, வேறு மரத்துக்கு மாற்றினேன். கிழக்கு நோக்கி நிற்கும் மான் மீது இன்றுவரை அம்பு விட்டதில்லை. மறுப்பவர் பகைவர் இல்லை. எந்தப் பக்கம் அம்பு விடக் கூடாது என்று வரைபடத்தில் கோடு போட்டுக் கொடுத்தவர்.

சம்மதித்தவர்களின் கைப்பேசி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். டவுன்ஷிப் போலீசின் சாதாரண எண்ணுக்கும் பருவத் தொடக்கத்தில் ஒரு முறை தகவல் சொல்லி வைப்பது நல்லது. இருட்டில் டார்ச்சோடு மரங்களுக்கிடையே ஆள் நடக்கிறார் என்று யாராவது அழைத்தால், அது யாரென்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

வில்லும் பயிற்சியும்

புதியவர்களுக்குக் காம்பவுண்ட் வில் (முனைகளில் கப்பி வைத்தது) அல்லது கிராஸ்போ (துப்பாக்கி போலப் பிடித்து விசையை அழுத்தி விடும் வில்). இரண்டும் இங்கே சட்டப்படி செல்லும். வில்லின் இழுவிசை குறைந்தது 35 பவுண்டு, கிராஸ்போவுக்கு 75 பவுண்டு இருக்க வேண்டும். நடைமுறையில் 45 முதல் 55 பவுண்டு இழுவிசை போதும். கடையில் 70 பவுண்டு எடுத்துக்கொள் என்பார்கள். டிசம்பர்க் குளிரில், கனத்த கோட்டோடு, ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்த பிறகு, கையை மேலே தூக்காமல் சத்தமின்றி இழுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாத வில் உங்களுக்கான வில் இல்லை.

அம்புமுனையை இங்கே பிராட்ஹெட் என்பார்கள். சவரத் தகடு போல் கூராக இருக்க வேண்டும். அம்பு மானைக் கொல்வது அடியின் வேகத்தால் அல்ல, வெட்டால், இரத்தப் போக்கால். மழுங்கிய முனையோடு போவது மானுக்குச் செய்யும் கொடுமை. பயிற்சிக்கு விட்ட முனையையே வேட்டைக்கும் கொண்டுபோகாதீர்கள்.

மூன்று மாதமாவது, நாளுக்குப் பத்துப் பதினைந்து அம்பு விடுங்கள். கொல்லையில் பழகுவதற்கு உங்கள் டவுன்ஷிப் அனுமதிக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இலக்குக்குப் பின்னால் மண்மேடோ கனத்த தடுப்போ வேண்டும். ஏதாவது உயரத்தில் நின்று கீழ்நோக்கி விட்டுப் பழகுவது முக்கியம். உயரத்திலிருந்து விடும்போது கையை மட்டும் தாழ்த்தினால் அம்பு விலகும், இடுப்பை வளைத்துக் குனிய வேண்டும். பெரிய தட்டு ஒன்றின் அளவுதான் மானின் உயிர்நிலை, குறுக்கே 8 அங்குலம். எந்தத் தூரத்தில் பத்துக்குப் பத்து அம்பும் அந்தத் தட்டுக்குள் விழுகிறதோ, அதுதான் உங்கள் எல்லை. பத்துக்கு எட்டு என்றால் இன்னும் கிட்டே வாருங்கள்.

பரண்

இங்கே ட்ரீ ஸ்டாண்ட் என்கிறார்கள். தினைப்புனம் காக்கப் பரண் கட்டிய மொழிக்காரர்கள் நாம், பரண் என்றே சொல்வோம். உயரத்தில் உட்கார்ந்தால் மான் பார்க்காது என்பது ஒரு காரணம். அக்கம்பக்கம் வீடிருக்கும் இடத்தில் அதைவிடப் பெரிய காரணம் உண்டு.

பரண் 18 அடி உயரம் என்று வைப்போம். எழுந்து நின்றால் அம்பு கிளம்பும் உயரம் ஏறக்குறைய 23 அடி. 15 கெஜத்தில், அதாவது 45 அடி தள்ளி நிற்கும் மானின் நெஞ்சு தரையிலிருந்து இரண்டரை அடி. அந்தச் சாய்வில் போகும் அம்பு மானைத் துளைத்து வெளியேறினாலும், ஒரு மயிரிழையில் தவறினாலும், மானுக்குப் பின்னால் 6 அடிக்குள் மண்ணில் குத்தி நிற்கும். 30 கெஜமானாலும் 11 அடிக்குள். அதே அம்பைத் தரையில் நின்று விட்டால், தவறியது கிட்டத்தட்ட மட்டமாகப் போய் அடுத்த வீட்டு வேலிக்கு அப்பால் எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. வீடுகளுக்கு நடுவே தரையில் நின்று மானை அடிக்காதீர்கள். ஒருபோதும்.

இடம் தேர்வதற்கு மான் நடக்கும் தடத்தைப் பாருங்கள். புல்தரைக்கும் மரச்சாரிக்கும் இடையே சேற்றில் குளம்புத் தடம் ஒற்றையடிப் பாதை போலத் தெரியும். அதிலிருந்து 15 கெஜம் தள்ளி, உங்கள் நிலத்தின் எல்லையிலிருந்து முடிந்தவரை உள்ளே, நேரான உயிர்மரம் ஒன்று. சாகும் மரம் வேண்டாம். எங்கள் பக்கம் ஆஷ் மரங்கள் வண்டு அரித்து நிறையச் செத்துவிட்டன, அவற்றை அறவே தவிருங்கள். காற்று மான் வரும் பக்கத்திலிருந்து உங்கள் பக்கம் வீச வேண்டும். மான் கண்ணைவிட மூக்கை நம்பும். காலை வெயில் ஏறும்போது காற்று மேலே எழும்பும், மாலை குளிரும்போது பள்ளத்துக்கு இறங்கும். ஒரே பரண் இரண்டு வேளைக்கும் ஒத்துவராமல் போகலாம்.

வேட்டைக்காரர்கள் அடிபடுவது பெரும்பாலும் பரணிலிருந்து விழுந்துதான். உடம்பு முழுதும் தாங்கும் ஹார்னஸ் போடாமல் ஒரு படியும் ஏறாதீர்கள். மரத்தில் மேலிருந்து கீழ்வரை உயிர்க்கயிறு கட்டி, காலைத் தரையிலிருந்து எடுக்கும் முன்பே ஹார்னஸை அதில் மாட்டிவிடுங்கள். மேலே போய் மாட்டிக்கொள்ளலாம் என்பவர்கள்தான் விழுகிறார்கள். வில்லைக் கையில் பிடித்து ஏறக் கூடாது. கீழே வைத்து, ஏறி அமர்ந்து, கயிற்றில் இழுத்துக்கொள்ளுங்கள். எந்த மரத்தில் இருக்கிறீர்கள் என்பது வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காலையா, மாலையா?

என் தீர்ப்பு காலை. மாலையில் மான் அதிகம் நடமாடும் என்பது உண்மைதான். ஆனால் மாலை கடைசி வெளிச்சத்தில் அடித்த மானை இருட்டில் தேட வேண்டும். டார்ச் வெளிச்சம் ஜன்னல்களில் அடிக்கும், நாய்கள் குரைக்கும், அண்டை வீட்டார் இரவு உணவில் இருப்பார்கள். காலையில் அடித்தால் பகல் முழுவதும் உங்கள் கையில். பள்ளிப் பேருந்து வரும் வார நாட்களைவிட சனி, ஞாயிறு காலை நல்லது. நவம்பர் முதல் பாதி இணைசேரும் காலம், அப்போது ஆண் மான்கள் பட்டப்பகலிலும் அலையும்.

அம்பு விடும் நேரம்

20 கெஜத்தைத் தாண்டாதீர்கள். கை வராது என்பதற்காகச் சொல்லவில்லை. நாண் அறையும் சத்தம் நொடிக்கு 1,100 அடி வேகத்தில் போகிறது. அம்பு நொடிக்கு 270 அடிதான். 30 கெஜத்தில் சத்தம் போய்ச் சேர்ந்து கால் நொடி கழித்தே அம்பு வரும். அதற்குள் மான் பாய்வதற்காகக் கால்களை மடக்கித் தாழ்ந்துவிடும். நெஞ்சுக்குக் குறிவைத்த அம்பு முதுகில் படும். என் இரண்டாம் ஆண்டில் இது எனக்கு நடந்தது. 31 கெஜம், பயிற்சியில் கைவந்த தூரம். அந்தப் பெட்டை மான் ஒரு கணத்தில் தணிந்தது. அம்பு முதுகுத்தண்டுக்கு மேலே தசையில் ஏறியது. இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை. மூன்று வாரம் கழித்து அதே பெட்டை, தோளில் வடுவோடு, ஆசிரியையின் தோட்டத்தில் மேய்ந்துகொண்டிருந்தது. பிழைத்ததில் எனக்கு ஆறுதல். ஆனால் அவர் அதைத் தினமும் பார்த்திருப்பார்.

மான் பக்கவாட்டில் நிற்க வேண்டும், அல்லது சற்று அப்பால் திரும்பி நிற்க வேண்டும். உங்களை நோக்கி நிற்பதையும் நேர் கீழே நிற்பதையும் விட்டுவிடுங்கள். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, உடம்பின் கீழ் மூன்றிலொரு பாகத்தில் குறி. உயரத்திலிருந்து விடுவதால் அம்பு எங்கே நுழையும் என்பதைவிட எதிர்ப்பக்கம் எங்கே வெளியேறும் என்று பாருங்கள். காதைக் குவித்துத் தலையை உயர்த்தி நிற்கும் மான் ஏற்கெனவே பாயத் தயாராக இருக்கிறது. அதை விடாதீர்கள், அதாவது அதன் மீது அம்பை விடாதீர்கள், மானை விட்டுவிடுங்கள். தலைகுனிந்து மேயும் மான்தான் நல்ல தருணம்.

அம்பு விடுவதற்கு முன் கடைசியாக ஒரு பார்வை: மானுக்குப் பின்னால் என்ன, அது முகம் வைத்திருக்கும் பக்கம் யாருடைய நிலம், எங்காவது குழந்தைக் குரல் கேட்கிறதா. கேட்டால் நாணைத் தளர்த்துங்கள். நான் ஒரு பருவத்தில் நாணைத் தளர்த்திய தடவைகள் அம்பு விட்டவற்றைவிட அதிகம்.

பட்ட பிறகு

புதியவர்கள் தவறுவது இங்கேதான். இறங்கி ஓடாதீர்கள். மான் பட்டதும் எப்படித் துள்ளியது, எந்த மரத்தருகே கடைசியாகத் தெரிந்தது என்று மனத்தில் பதியுங்கள். கைப்பேசியில் நேரத்தைக் குறியுங்கள். நல்ல அடியாகத் தோன்றினாலும் அரை மணி அசையாதீர்கள்.

பிறகு மெல்ல இறங்கி அம்பைத் தேடுங்கள். அது மண்ணில் குத்தி நிற்கும். அதைக் கையில் எடுத்து நிதானமாகப் பாருங்கள். மான் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை அந்தத் தண்டே சொல்லும். வெளிர்ச் சிவப்பு, சோப்பு நுரைபோல நுண்ணிய குமிழ்கள் இறகில் ஒட்டியிருந்தால் நுரையீரல். மான் அநேகமாக 100 கெஜத்துக்குள் கிடக்கிறது. குமிழ் இல்லாமல் கருஞ்சிவப்பாக, கெட்டியாக இருந்தால் ஈரல். நான்கு முதல் ஆறு மணி நேரம் விட்டுவிடுங்கள். பச்சையோ பழுப்போ படிந்து, மூக்கருகே கொண்டுபோனால் சாணி வாடை அடித்தால் குடல். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம்.

அத்தனை மணி நேரம் ஏன்? அடிபட்ட மான் பக்கத்துப் புதரில் படுத்துவிடும். தொந்தரவு இல்லையென்றால் படுத்த இடத்திலேயே உயிர் போகும். நீங்கள் போய் எழுப்பினால் நாலு வீடு தாண்டி ஓடும். ஒரு வீட்டில் கேட்க வேண்டிய அனுமதியை நாலு வீட்டில் கேட்க வேண்டிவரும். மானுக்கும் அது கூடுதல் வேதனை.

இரத்தத் தடத்தின் மேல் நடக்காமல் ஓரமாக நடங்கள். ஒவ்வொரு துளியிலும் கழிப்பறைக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுக்கொண்டே போனால், திரும்பிப் பார்க்கும்போது மான் போன திசை கோடாகத் தெரியும். துளி தரையில் மட்டும் இருக்காது, புல்லின் பக்கவாட்டில், மான் உரசிய தண்டில், இடுப்பு உயரத்திலும் பாருங்கள். எல்லை வந்ததும் நில்லுங்கள். வில்லைக் கீழே வைத்துவிட்டு, போன் செய்யுங்கள். முன்பே சம்மதம் இருந்தாலும் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். சம்மதிக்காதவர் நிலத்துக்குள் தடம் போனால் மறுபடியும் பணிவாகக் கேளுங்கள். அப்போதும் மறுத்தால், துறையின் அதிகாரியை அழைத்து ஆலோசனை கேளுங்கள். நீங்களாக உள்ளே போகக் கூடாது.

மானை எடுத்துவரக் குழந்தைகள் பனியில் சறுக்கும் பிளாஸ்டிக் சறுக்குப் பலகையும் ஒரு தார்ப்பாயும் வைத்திருங்கள். மூடி, பின்பக்க வழியாக இழுத்து வாருங்கள். அடுத்தவர் புல்தரையில் கிடத்தி வயிற்றைக் கீறாதீர்கள். விழுந்த இடத்தில் இரத்தம் தேங்கியிருந்தால் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு வாருங்கள். படம் எடுப்பதானால் உங்கள் கொட்டகைக்குப் பின்னால் எடுங்கள்.

அன்றே துறைக்கு இணையத்திலோ போனிலோ பதிவு செய்து, அவர்கள் தரும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.

இறைச்சி

குடலை உடனே எடுக்க வேண்டும். தார்ப்பாய் விரித்து அதன்மேல் செய்தால் மிச்சம் சிந்தாது. கழிவைக் கனத்த பையில் கட்டிவிடலாம். செப்டம்பர் வெயிலில் இறைச்சி சில மணி நேரத்தில் கெடும். நெஞ்சுக்கூட்டுக்குள் ஐஸ் பைகளை அடைத்து, நேரே கசாப்புக் கடைக்குக் கொண்டுபோங்கள். மான் வெட்டித் தரும் கடைகள் கிராமப்புறத்தில் உண்டு. நடுத்தரப் பெட்டை மானிலிருந்து எலும்பு நீக்கி 40 பவுண்டு வரை கறி கிடைக்கும். கறிக்குள் கொழுப்பே இருக்காது. மேலே உள்ள வெள்ளிச் சவ்வையும் வெண்கொழுப்பையும் முழுக்கச் சீவி எடுத்தால்தான் வாடை போகும். தொடைக்கறியைத் தயிரில் ஓரிரவு ஊறவைத்து, மிளகு தூக்கலாகப் போட்டுச் சுக்கா வறுத்தால் ஆட்டுக்கறி தோற்கும். உங்களுக்கு மிஞ்சியதை 'ஹன்டர்ஸ் ஹெல்ப்பிங் தி ஹங்ரி' என்ற அமைப்பின் வழியாக உணவு வங்கிக்குக் கொடுக்கலாம், அதற்கென்று சேர்ந்துள்ள கசாப்புக் கடையில் சொன்னால் போதும். அதற்கு முன் தன் நிலத்தில் மான் எடுக்க விட்டவருக்கு ஒரு பங்கு. கறியாகக் கொடுக்காதீர்கள், சமைத்தோ தொத்திறைச்சியாக்கியோ கொடுங்கள்.

வீட்டுக்குள் நுழையும் முன் உடையைக் கழற்றி நேரே உலர்த்தியில் அதிகச் சூட்டில் போடுங்கள், குளியுங்கள், முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமயிர் எல்லாம் தடவிப் பாருங்கள். லைம் நோயைப் பரப்பும் உண்ணி எள்ளளவுதான். பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் நோய் தொற்றும் என்பதால் அன்றே பிடுங்குவது காக்கும். பருவம் தொடங்கும் முன் பூட்ஸிலும் கால்சட்டையிலும் பெர்மெத்ரின் என்ற உண்ணிக்கொல்லி மருந்தைத் தெளித்துக் காயவிடுங்கள்.

பிப்ரவரியில் பருவம் முடிந்ததும் பரணை இறக்கிவிடுங்கள். மரத்தில் விட்டுவைத்தால் மரம் பருத்துப் பரணைக் கட்டிய வார்கள் இறுகும், வெயிலிலும் பனியிலும் நைந்து அடுத்த ஆண்டு அறுந்துவிடும். வாரைக் கழுவிக் காயவைத்து, எலி கடிக்காத டப்பாவில் போட்டு, வாங்கிய ஆண்டை மேலே எழுதி வையுங்கள்.